அணைத்த பின்னும் விழித்திருக்கும் கணினி

தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டில் விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸுடன் ‘பாஸ் லினக்ஸ்’ என்னும் இயங்குதளமும் அவற்றில் இடம்பெற்றது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. ஆகவே லினக்ஸ் நம் மாணவர்க்குப் புதியதன்று.

லினக்ஸ் கணினிகள் சிலவற்றில் ஒரு குறை காணப்படுவதுண்டு. இரவில் முறையாக அணைத்து வைத்த கணினியின் பேட்டரி, விடிவதற்குள் பெரிதும் குறைந்திருக்கும். மயிலாப்பூரில் அறையெடுத்துப் படிக்கும் என் பழைய மாணவர் ஒருவர், “பேட்டரியை மாற்றச் சொல்கிறார்கள், ஐயா” என்று வருந்தினார். மாலையில் வேலை பார்த்துப் படிப்பவருக்கு அது பெருஞ்செலவு. காரணம் அறியாமல் பொருளை மாற்றலாமா?

கணினியை அணைப்பது விளக்கை அணைப்பது போன்றதன்று. 1996இல் வெளியான ஏ.சி.பி.ஐ. என்னும் நெறிமுறையின்படி, இயங்குதளமே உறுப்புகளை ஓய்வுக்கு அனுப்புகிறது. வீட்டார் உறங்கினும் வாயிற்காவலர் விழித்திருப்பதுபோல, பொத்தான் அழுத்தப்படுவதை உணரச் சிறிதளவு மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். அதற்குமேல் வேறு உறுப்புகளும் விழித்திருந்தால்தான் இழப்பு மிகும். வலையமைப்பு வழியே வரும் அழைப்புக்குக் காத்திருக்கும் ‘வேக்-ஆன்-லான்’ வசதி அத்தகையது. அணைத்த பின்னும் கைப்பேசிக்கு மின்னூட்டும் யு.எஸ்.பி. துளை மற்றொன்று.

குற்றவாளியைக் கண்டறிய இரண்டு இரவுகள் போதும். முதல் இரவு, பேட்டரி 80 விழுக்காடு இருக்கையில் லினக்ஸிலிருந்து அணைத்து, மின்னூட்டியைக் கழற்றி வையுங்கள். மறுநாள் இரவு, அதே 80 விழுக்காட்டில், லினக்ஸ் தொடங்குமுன் பயாஸ் திரையிலேயே அணையுங்கள். இரு காலைகளிலும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் இழப்பு மிகுதியெனில் பேட்டரியையோ கணினியின் உட்பகுதியையோ, யு.எஸ்.பி. அமைப்பையோ ஐயுறலாம். முதல் இரவில் மட்டும் மிகுதியெனில், லினக்ஸ் ஏதோ ஓர் உறுப்பை உறங்கவிடவில்லை என்பது தெளிவு.

மாணவரின் கணினியில் முதல் இரவில்தான் இழப்பு நேர்ந்தது. ‘எத்டூல்’ என்னும் கட்டளையை இட்டுப் பார்த்தோம். ‘வேக்-ஆன்’ என்ற வரியில் ‘ஜி’ என்னும் எழுத்து நின்றது; வலையமைப்பு அட்டை அழைப்புக்குக் காத்திருக்கிறது என்பது அதன் பொருள். அதனை ‘டி’ என மாற்றினால் வசதி நின்றுவிடும். ஆயினும் மீண்டும் இயக்கும்போது பழைய நிலை திரும்பக்கூடுமாதலால், பயாஸிலும் அதனை நிறுத்தினோம். அடுத்த காலை பேட்டரி 79 காட்டியது. புதிய பேட்டரிக்குத் தேவை நேரவில்லை.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மாற்றுமுன்னும் பின்னும் அளந்து எழுதுக. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் இம்முறை, வீட்டில் உங்கள் பணத்தையும் காக்கும்.