உங்கள் தோட்டமும் எங்கள் தோட்டமும்: மலக்கழிவுப் பசளை பற்றி

(அளவெட்டிக்குச் சென்ற எமது சங்க அங்கத்தவர்களுக்கு அவ்வூர் விவசாயிகள் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாங்களும் தோட்டக்காரர்தான். ஆனால் நாங்கள் தோட்டம் என்று சொல்வது வெங்காயமும் புகையிலையும் மிளகாயும் நிற்கிற பத்துப் பரப்பு, பதினைந்து பரப்புச் செம்மண். நீங்கள் தோட்டம் என்றால் மலை முழுக்கத் தேயிலை, ஒரு துரை, லயம், பிரட்டு. பெயர் ஒன்று, பிழைப்பு வேறு. என்றாலும் 2021இல் இரண்டு தோட்டமும் சேர்ந்துதான் வாடின. மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் தடையை விலக்கினார்கள். இடையில் எங்கள் வெங்காயம் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். நாட்டின் தேயிலை அந்த ஆண்டு ஏறத்தாழ 30 கோடி கிலோ, அடுத்த ஆண்டு 25 கோடி கிலோ. கொழுந்து இல்லாத மலையில் நிறை காணாமல் அரைப்பேர் விழுந்ததை நீங்கள் காலையில் தேத்தண்ணி குடிக்கும்போதே சொல்லிவிட்டீர்கள்.

அதற்குப் பிறகு சேதனப் பசளை என்று எழுதிய மூட்டை எல்லா இடமும் வருகிறது. மூட்டைக்குள் என்ன என்று கேட்டால் சிலர் வாய் திறப்பதில்லை. மலசலகூடக் குழிக் கழிவில் செய்ததும் அதில் ஒரு வகை. நாங்கள் இன்று பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முகம் சுளிக்கத் தேவையில்லை. எங்கள் பெரியவர்கள் ஆட்டுப்பட்டி அடைத்தார்கள், மாட்டெரு கொட்டினார்கள், பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தார்கள். மண்ணில் இருந்து எடுத்ததை மண்ணுக்குக் கொடுப்பது பழைய வேலை. மனிதக் கழிவை மட்டும் நாங்கள் தள்ளி வைத்தோம், அதைத் தொட்டவர்களையும் சேர்த்துத் தள்ளி வைத்தோம். யாழ்ப்பாணப் பட்டினத்தில் வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் அந்த வாளியைச் சுமந்தவர்களில் பலர் உங்கள் முன்னோரைப் போலவே இந்தியாவில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள். இதை எங்கள் ஊரில் நின்று சொல்லவேண்டும், அதனால் சொல்கிறோம்.

ஒழுங்காகச் செய்தால் அது நல்ல பசளைதான். உங்கள் பக்கத்தில் பலாங்கொடை நகரசபை மலக்கழிவையும் நகரக் குப்பையையும் சேர்த்துக் கூட்டெரு செய்து விற்று வந்திருக்கிறது. பெங்களூருக்கு அருகே தேவனஹள்ளியில் 2015இல் இதற்கென்றே ஒரு நிலையம் கட்டினார்கள். பவுசரில் வரும் கழிவைத் தேக்கி, நீரை வடித்து, சேற்றை உலர்த்தி, குப்பையோடு கலந்து குவித்து வைப்பார்கள். குவியல் தானாகச் சூடேறும். அந்தச் சூடுதான் எல்லாம். 55 பாகைக்கு மேல் 15 நாளாவது நிற்கவேண்டும், அதற்குள் ஐந்து தரமாவது புரட்டவேண்டும் என்பது அமெரிக்க விதி. புரட்டாவிட்டால் வெளிப்பக்கம் குளிர்ந்தே கிடக்கும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? வட்டப்புழுவின் முட்டை. வெயிலில் சேறு காய்ந்து தூளாகிப் போனாலும் அந்த முட்டை மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில் உயிரோடு கிடக்கும். லயத்துப் பிள்ளைகளுக்குப் பூச்சிக் குளிசை கொடுத்த தாய்மாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கிருமி முழுதும் போகாத சேற்றைப் போட்ட நிலத்தில், மண்ணில் தொட்டு நிற்கும் காயை 14 மாதத்துக்கும், மண்ணுக்குள் விளைவதை 20 மாதத்துக்கும் குறையாமல் பொறுத்துத்தான் எடுக்கலாம் என்று அதே நாட்டில் 1993இல் சட்டம் வைத்தார்கள். எங்கள் வெங்காயம் மூன்று மாதத்துப் பயிர். ஆகவே அரைகுறைச் சேறு எங்களுக்கு ஆகாது. உங்கள் லயத்து முற்றத்துக் கரட்டுக்கும் லீக்சுக்கும் ஆகாது.

இன்னொன்று, இந்தப் பசளையில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு, சாம்பல்சத்து குறைவு. அது வடித்த நீரோடு போய்விடும். இந்த ஒரு மூட்டையோடு எல்லாம் சரி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டுக் குழிக் கழிவும் பெருநகரக் குழாய்க் கழிவும் ஒன்றல்ல. நகரக் குழாயில் தொழிற்சாலைத் தண்ணீரும் சேரும். கட்மியமும் ஈயமும் சேற்றில் தங்கும், குவியல் சூட்டில் அழியாது. ஒட்டாத சட்டிக்கும் நனையாத துணிக்கும் பயன்படுத்தும் ஒருவகை இரசாயனங்களும் அப்படித்தான். சேறு பரப்பிய நிலத்திலும் அங்கே கறந்த பாலிலும் அவற்றைக் கண்ட பிறகு, அமெரிக்காவின் மெயின் மாநிலம் 2022இல் நிலத்தில் சேறு போடுவதையே தடைசெய்தது.

மண்ணையும் பார்க்கவேண்டும். தேயிலை மண் புளிப்பு மண். புளிப்பு மண்ணில் உலோகம் இளகி வேருக்கு ஏறும். எங்கள் மண் சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது, உலோகம் அவ்வளவு இளகாது. எங்கள் பயம் வேறு. கல்லில் வெடிப்பும் பொந்தும், மாரி மழை விழுந்தால் மேலே போட்டது கீழே கிணற்றுக்குப் போய்விடும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் கிணறுதான். இரசாயனப் பசளையாலும் கிணற்றுக்குக் கிட்டக் கட்டிய மலசலகூடக் குழிகளாலும் ஏற்கெனவே பல கிணறுகளில் நைத்திரேற்று கூடிப்போயிற்று. குடிதண்ணீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மேலே போனால் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தை நீலம் பாய்ந்துபோகும். சேதனம் என்பதால் நைத்திரேற்று வராது என்று நினைக்கவேண்டாம், அளவுக்கு மிஞ்சினால் மாட்டெருவிலும் வரும். அதனால் நாங்கள் மாரிக்கு முன் இதைக் கொட்டுவதில்லை என்றும், எந்த நாளிலும் கிணற்றடிப் பாத்திகளுக்குப் போடுவதில்லை என்றும் எங்களுக்குள் பேசி வைத்திருக்கிறோம்.

எங்களிடம் இதைப் போடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பவனும் கையால் அள்ளிப் போடுபவனும் ஒரே ஆள். உங்களிடம் அப்படி இல்லை. முடிவெடுப்பது பங்களாவில், மூட்டையைச் சுமந்து ஏறுவதும் வெறுங்கையால் தூவுவதும் நீங்கள். ஆகவே மூட்டை மலைக்கு ஏறும் முன் பிரட்டிலேயே சங்கத் தலைவர் கேட்கவேண்டும்: எந்த ஊர்க் கழிவு, எத்தனை நாள் சூட்டில் நின்றது, உலோகமும் புழு முட்டையும் பரிசோதித்த அறிக்கை எங்கே, கையுறையும் பூட்சும் எத்தனை சோடி, வேலை முடிந்து கை கழுவச் சவர்க்காரமும் தண்ணீரும் எந்த இடத்தில். அறிக்கையைத் தமிழில் கேளுங்கள். கையுறை வரும்வரை மூட்டை அவிழ்க்கத் தேவையில்லை. கொழுந்துக் கூடையில் இதை ஒருநாளும் சுமக்கவேண்டாம்.

சமையல் முடியக் கொஞ்ச நேரம் இருக்கிறது. வெயில் ஏறுமுன் பின்வளவுக்கு வாருங்கள், எங்கள் குவியல் அங்கே கிடக்கிறது. மாட்டெருவும் குழையும்தான், வேறொன்றும் இல்லை. நடுவில் ஓர் இரும்புக்கம்பி குத்தி வைத்திருக்கிறோம், இழுத்துத் தொட்டுப் பாருங்கள். கையில் பிடிக்க முடியாமல் சுட்டால் குவியல் வேலை செய்கிறது. நேற்று அவ்வளவாகச் சுடவில்லை, நாளைக்குப் புரட்டவேண்டும்.