காலை இருமலும் முதல் பீடியும்



விடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து இருமுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. "ஒரு பீடி இழுத்தாத்தாங்க சளி வெளியே வருது" என்பார்கள். அது நிஜந்தானா, பார்ப்போம்.

மூச்சுக் குழாய்களின் உள்பக்கம் ஈரமான மெல்லிய சவ்வு இருக்கிறது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மயிர்கள், நாற்றங்காலில் நாற்று நிற்பதுபோல நெருக்கமாக நிற்கின்றன. விநாடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் ஒரே பக்கமாக அசைகின்றன. உள்ளே போகும் தூசியும் கிருமியும் கோழையில் ஒட்டிக்கொள்ளும். மயிர்கள் அதைத் தொண்டைக்குத் தள்ளிவிடும். நமக்குத் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். களம் கூட்டுகிற இந்த வேலை இரவும் பகலும் நடக்கிறது.

புகை பட்டால் அந்த மயிர்கள் சோர்ந்துபோகும். வருஷக்கணக்கில் பட்டால் குட்டையாகி, அங்கங்கே அழிந்தும் போகும். கோழைச் சுரப்பிகளோ பெருத்து, முன்னைவிட அதிகமாகச் சுரக்கும். குப்பை கூடுது, கூட்டுகிற ஆள் குறையுது. அப்புறம் இருமித்தானே தள்ளணும்? சவ்வு வீங்கிக் குழாய் குறுகுவதால் மேல்மூச்சும் வாங்கும். வருஷத்தில் 3 மாதமாவது சளியோடு இருமல், அடுத்தடுத்து 2 வருஷம் இருந்தால் நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்கிறோம்.

இரவில் புகை இல்லாததால் மிஞ்சிய மயிர்கள் கொஞ்சம் தெளிகின்றன. தேங்கிய சளி காலையில் கிளம்புவது அதனால்தான். பீடிப்புகையின் உறுத்தல் இன்னும் நாலு இருமலைக் கிளப்பும், அவ்வளவுதான். கையோடு அந்த மயிர்களை மறுபடி மயக்கிப் போட்டுவிடும். பீடி சின்னதுதானே என்பதும் சரியில்லை. அணையாமல் இருக்க அடிக்கடி இழுக்க வேண்டும், புகையும் நிறையப் போகும்.

பீடியே தொடாத தாய்மார்களுக்கும் இந்த இருமல் வருகிறதே? விறகு, வரட்டிப் புகைதான். இடுப்பில் பிள்ளையோடு அடுப்பூதினால் பிள்ளைக்கும் அதே புகை. பீடிக் காசை சிலிண்டருக்குச் சேர்க்கலாமே என்று வீட்டம்மா கேட்டால் ஐயா கோபிக்கக் கூடாது!

பீடியை விட்ட முதல் சில வாரம் சிலருக்கு இருமல் கூடலாம். மயிர்கள் திரும்ப வேலைக்கு வருகின்றன; பயந்துபோய் மறுபடி பற்றவைக்காதீர்கள். போகப்போக இருமலும் சளியும் குறையும். ஆனால் எந்த இருமலும் 2 வாரத்தைத் தாண்டினால், பீடி இருமல்தானே என்று இருந்துவிட வேண்டாம். காசநோயாகவும் இருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம். கணவனும் மனைவியுமாகவே வாருங்கள்.