சிமெண்டுக் களத்தில் பள்ளம் விழுந்தால்

(பண்ருட்டிப் பகுதி உழவர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



பங்குனி, சித்திரையில் முந்திரிக் கொட்டையும் மார்கழிப் பட்டத்து மணிலாவும் ஒன்றாகக் களத்திற்கு வந்து சேரும். அதற்குள், தை மாதத்திலேயே களத்தைச் செப்பனிட்டுக்கொள்ள வேண்டும்.

ஓர் அங்குலப் பள்ளம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். கோடை மழை ஒன்று பெய்தால் தண்ணீர் அங்கேதான் தேங்கும். மணிலாக் காயை 8 சதவீத ஈரப்பதம் வரும்வரை காய வைக்கப் பாடுபடுகிறோம். பள்ளத்தில் கிடந்த காய் மட்டும் மீண்டும் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நச்சு, பிறகு எவ்வளவு காய வைத்தாலும், வறுத்தாலும்கூட முழுவதும் போகாது. ஒரு கூடைக் காய் மூட்டைகளையே கெடுத்துவிடும்.

முதலில் களத்தைக் கழுவித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்த பின் எங்கே தேங்கி நிற்கிறதோ, அதைச் சுற்றிக் கரியால் கோடு போடுங்கள். அவ்விடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். உள்ளே காலியாக இருப்பதுபோல் ஓசை கேட்டால் அடிமண் இறங்கிவிட்டது என்று பொருள். அந்தத் தளத்தை உடைத்தெடுத்து, மண்ணை நனைத்துத் திமிசுக் கட்டையால் இறுக்கிய பிறகே புதுத் தளம் போட வேண்டும். எலி வளை இருந்தால் அதையும் தோண்டி அடையுங்கள். இல்லையேல் அடுத்த ஆண்டும் இதே வேலைதான்!

தளம் உறுதியாக இருந்து மேற்பரப்பு மட்டும் பள்ளமாகியிருந்தால், பலர் அதன்மேலேயே கலவையைப் பூசி, ஓரத்தைத் தாள்போல் இழுத்து விடுகிறார்கள். அது ஒரே பருவத்தில் பொருக்காகப் பெயர்ந்துவிடும். பெயர்ந்த சில்லு கொட்டையோடு கலந்தால் வியாபாரி சும்மா இருப்பாரா? ஆகவே கோட்டின் ஓரத்தை உளியால் செங்குத்தாக, ஓர் அங்குல ஆழமாவது வெட்டி, உள்பரப்பைக் கொத்தி விடுங்கள். தூசி போகக் கழுவி, இரவு முழுவதும் ஊற விடுங்கள். காலையில் தேங்கிய நீரைத் துடைத்துவிட்டு, சிமெண்டுப் பாலைத் தேய்த்து, அது காயுமுன் கலவையைப் போட வேண்டும்.

கலவைக்கு ஒரு பங்கு சிமெண்டும் மூன்று பங்கு மணலும் போதும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்டினால் 1:2:4 அளவில் சிறு ஜல்லிக் கான்கிரீட் போடலாம். எம்-சாண்ட் உபயோகிக்கலாம், உப்பேறிய கடற்கரை மணல் கூடாது. தண்ணீரைக் கூட்டி ஓடவிட்டால் தளம் வெடிக்கும். கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதமே சரி.

மட்டம் என்றால் குளத்து நீர்போல் இருக்க வேண்டும் என்பதில்லை. களத்திற்கு வாட்டம் தேவை. மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு, அதாவது 10 அடிக்கு ஓர் அங்குலத்திற்குச் சற்று அதிகம், போதுமானது. இரு முனையிலும் முளை அடித்து, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயால் மட்டம் பார்த்து, ஒரு முனையை அவ்வளவு தாழ்த்தி நூல் கட்டுங்கள். நூலை ஒட்டி மட்டப்பலகையை இழுங்கள். மேலே உலர்ந்த சிமெண்டைத் தூவி மழமழப்பாக்க வேண்டாம். அது ஏடாக உரியும்.

பிறகு ஈரச் சாக்கைப் போட்டு 10 நாட்கள் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டிராக்டரை 28 நாட்கள் கழித்தே களத்தில் ஏற்ற வேண்டும்.