பழைய கணிப்பொறிக்கு ஏற்ற பாரம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

கல்வியிலும் அனுபவத்திலும் சிறந்த பலர் வீற்றிருக்கும் இவ்வவையில், மெட்ரிகுலேஷன் தேறி இரயில்வே எழுத்தராகப் பணிபுரியும் நாம் கணிப்பொறியைப் பற்றிப் பேச வந்தது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். நம் சங்க நூலகத்தின் மூலையில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கணிப்பொறியை என்ன செய்வது என்று செயற்குழு விரைவில் முடிவு செய்யவிருக்கிறது. பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடலாம் என்பது ஒரு சாரார் கருத்து. அம்முடிவுக்கு முன், நாம் அறிந்தவற்றைச் சபையின் முன் வைப்பது கடமையென்று கருதினோம்.

இக்கரக்பூரில் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் வங்காளமும் பயில்கின்றனர். தமிழெழுத்தை அவர்கள் காண்பது வீட்டிலும், ஞாயிறுதோறும் சங்கம் நடத்தும் தமிழ் வகுப்பிலுமே. அக்குழந்தைகள் தமிழில் தட்டெழுதவும் பழகினால்தான், நாளை ஊரிலுள்ள பாட்டிக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதாமல் தமிழிலேயே மடல் வரைவார்கள். அதற்கு ஒரு பொறி தேவை. புதிது வாங்கச் சங்க நிதி இடங்கொடாது. ஆகவே இது ஒரு பழம்பொருளின் கதி மட்டுமன்று, நம் தமிழ் வகுப்பின் கதியுமாகும்.

கணிப்பொறியின் உறுப்புகளுக்கும் அதில் ஓடும் செயலிகளுக்கும் இடையே நின்று, யாருக்கு எவ்விடம், எது முந்துவது, எது பிந்துவது என்று ஒழுங்கு செய்வதே இயங்குதளம். நம் குடியிருப்பினருக்கு விளங்கச் சொன்னால், அது ஸ்டேஷன் மாஸ்டர் போன்றது. நினைவகம், அதாவது கடைக்காரர் 'ரேம்' என்பது, நிலையத்தின் யார்டு போன்றது. அன்றைய வேலைக்கு வேண்டிய பெட்டிகள் அங்கே நிற்க வேண்டும். புதிய இயங்குதளங்கள் தம் அலங்காரங்களுக்கும் மறைவான பணிகளுக்கும் பல பாதைகளைத் தாமே எடுத்துக்கொள்கின்றன. யார்டு நிறைந்தபின், மிகுந்த பெட்டிகளைத் தொலைவான கிளைப்பாதையில் தள்ளி, வேண்டும்போது இழுத்து வருவது போல, பொறி தன் தரவுகளை ஹார்ட் டிஸ்கில் போட்டும் எடுத்தும் அலைகிறது. சுழலும் தட்டோ நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. 'ஹேங் ஆகிவிட்டது' என்று நாம் சலித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த அலைச்சலையே.

நம் சங்கத்துப் பொறி 64 பிட் வகையைச் சேர்ந்தது. நினைவகம் 2 ஜி.பி. அதிலுள்ள விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றன. குரோம் உலாவியும் 2023-இல் அதனைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-இல் வழக்கமான ஆதரவு முடிவுற்றது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜி.பி. நினைவகத்தையும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் கேட்கிறது. ஆகவே அந்த வழி நமக்கு அடைபட்டது. திருத்தங்கள் நின்ற பொறியை இணையத்தில் இணைத்துக் குழந்தைகள் கையில் கொடுப்பது, பூட்டில்லாத வீட்டில் காவலின்றி உறங்குவதற்கு ஒப்பாகும்.

ஆனால் அன்பர்களே, பொறி கெட்டுவிடவில்லை. எஞ்சினின் இழுவைத் திறனைப் பாராமல் பாரத்தை ஏற்றினால் மேட்டில் வண்டி நின்றுவிடும். அதற்காக எஞ்சினை உடைத்துவிடுவோமா? பாரத்தையல்லவா குறைப்போம்!

பாரம் குறைந்த இயங்குதளங்கள் உள. ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்டு, பலரும் கூடிப் பல வகை இயங்குதளங்களை அமைத்து இலவசமாக வழங்கி வருகின்றனர். நம் சென்னையிலேயே சி-டாக் நிறுவனத்தார் 'பாஸ்' என்ற பெயரில் இந்திய மொழிகளுக்கென ஒன்றை உருவாக்கினர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். எனினும் பெருமை வேறு, பாரம் வேறு. எதையும் நம் பொறியில் ஓட்டிப் பார்த்தே தேர்தல் வேண்டும்.

தேர்வுக்கு நாம் கொண்ட அளவுகோல் இது. 4 ஜி.பி. நினைவகம் உள்ள பொறிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு பொருந்தும். அதன் தோற்றம் விண்டோஸில் பழகிய கண்ணுக்கு அந்நியமாக இராது. 2 ஜி.பி.-யில் அதுவும் ஓடும், ஆயினும் மூச்சு வாங்கும். அத்தகைய பொறிக்கு எல்.எக்ஸ்.கியூ.டி. என்னும் எளிய முகப்பையுடைய லுபுண்டுவைச் சோதித்துப் பார்க்கலாம். அதனினும் இலேசானது, கிரேக்க நாட்டில் தோன்றிய ஆன்டிஎக்ஸ். ஆஸ்திரேலியரான பாரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் தன்னை நினைவகத்திலேயே ஏற்றிக்கொண்டு ஓடவல்லது. உங்கள் வீட்டில் 32 பிட் பொறி இருப்பின் கவனம் தேவை. உபுண்டு வகைகள் அதனைக் கைவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-உம் அதற்கென நிறுவல் தட்டு வெளியிடவில்லை.

எதை விரும்பினும், முதலில் அதனை ஒரு பென் டிரைவில் எழுதி, பழைய தட்டைத் தொடாமலே அதிலிருந்து பொறியை இயக்கிப் பார்க்கலாம். பென் டிரைவிலிருந்து ஓடும்போது சற்று மெதுவாகவே இருக்கும். அதனை மட்டும் கொண்டு தீர்ப்பு எழுதிவிடலாகாது. ஒலி கேட்கிறதா, வைஃபை கிடைக்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா, தமிழ் ஏறுகிறதா என்னும் நான்கையும் பார்த்தபின் நிறுவுக. தமிழுக்கு ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியும் அதன் எம்17என் தொகுப்பும் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை கிடைக்கும். உயிரெழுத்துகள் இடக்கையிலும் மெய்கள் வலக்கையிலும் அமைந்த அம்முறை, அரிச்சுவடி பயிலும் குழந்தைக்கு ஆங்கிலத் துணையின்றியே பழகும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நிறுவும்போது பழைய தட்டு அழிக்கப்படும். அதிலேயே நம் சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகளும், உறுப்பினர் பட்டியலும், முந்தைய மலர்களின் பக்கங்களும் உள்ளன. அவற்றுட் பல, யூனிகோடு பரவுமுன் வழங்கிய எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டவை. கோப்புகளை மட்டும் பிரதி எடுத்தால், நாளை திறக்கும்போது தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற குறிகளே தோன்றும். எழுத்துருக்களையும் உடன் எடுத்து வைத்தல் வேண்டும். பேஜ்மேக்கரில் அமைத்த பக்கங்கள் வேறிடத்தில் அப்படியே திறக்குமென்று நம்பலாகாது. பொறி இயங்கும்போதே அவற்றைப் பி.டி.எஃப். ஆக்கிவிடுவது நலம். பிரதி ஒன்றன்று, இரண்டாக, இரு வேறு வீடுகளில் இருக்கட்டும்.

இலேசான இயங்குதளம் எல்லாம் செய்துவிடும் என்றும் நாம் கூறோம். இன்றைய பெரும்பாரம் இணைய உலாவியே. படமும் காணொளியும் நிறைந்த பக்கங்கள் எந்த இயங்குதளத்திலும் இடத்தை அடைக்கும். டேலி போன்ற விண்டோஸ் செயலியை நம்பிக் கணக்கெழுதுவோர் அவசரப்பட்டு மாறுதல் வேண்டா. அன்றியும், நினைவகத்தைக் கூட்டி, சுழலும் தட்டுக்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. பொருத்துவது பல வேளைகளில் இயங்குதள மாற்றத்தினும் மிகுந்த பயன் தரும். பழைய பாகங்களை விற்போரிடம் முதலில் விசாரித்தல் நன்று.

ஆகையால் செயற்குழுவினருக்கு நம் வேண்டுகோள் இதுவே. பொறியை எடைக்குப் போடுவதை ஒத்தி வையுங்கள். பிரதி எடுக்கும் பணியை முதலில் முடிப்போம். நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்க இயலுமாயின் மின்ட்டை நிறுவுவோம். இயலாதாயின் லுபுண்டுவையும் ஆன்டிஎக்ஸையும் சோதித்து ஏற்றதைத் தேர்வோம். பின்னர் அதனைத் தமிழ் வகுப்புக்கே உரியதாக்குவோம். தட்டெழுத்துப் பயிற்சிக்கும், லிபர் ஆபீசில் ஒரு கட்டுரை எழுதி அச்சிடுவதற்கும் அப்பொறி போதும். அடுத்த ஆண்டு மலரில் நம் குழந்தைகள் தாமே தட்டெழுதிய பக்கம் ஒன்றேனும் இடம்பெற வேண்டுமென்பது நம் அவா.