மூச்சைக் காப்போருக்கும் ஒரு காவல்



சத்திரசிகிச்சை முடிந்து வீடு திரும்பும் நோயாளி, கத்தி பிடித்த வைத்தியரின் பெயரை மறப்பதில்லை. தம் தலைமாட்டில் நின்று, மூச்சையும் நாடியையும் கணந்தோறும் கவனித்திருந்தவரின் பெயரையோ அவர் பெரும்பாலும் அறிவதேயில்லை. நம் நாட்டில் மயக்கமருந்து கொடுப்பது வைத்தியரின் பணி. ஐக்கிய அமெரிக்காவிலோ, அதற்கெனத் தனிப்பயிற்சி பெற்ற தாதியரும் நூறாண்டுக்கு மேலாக அப்பணியைச் செய்துவருகின்றனர். அப்பயிற்சியில் இருக்கும் மாணவதாதியருக்காகப் பேசுவோர் யார்? அவர்கள் தளரும்போது தாங்குவோர் யார்? இன்றைய பேச்சின் பொருள் இதுவே.

1846ஆம் ஆண்டு பொஸ்டன் நகரில் ஈதரின் ஆற்றல் உலகறிய நிரூபிக்கப்பட்டது. ஆயினும் அதனைக் கொடுக்கும் வேலை, கைக்கு எட்டிய எவரிடமும் ஒப்படைக்கப்பட்டு வந்தது. அவருடைய கண்கள் நோயாளியின் மூச்சை விட்டு வைத்தியரின் கத்தியை நாடின, உயிர்கள் போயின. சிந்தை சிதறாத ஒருவரைத் தேடிய வைத்தியர்கள் தாதியரிடம் அவரைக் கண்டனர். 1877இல் பென்சில்வேனியாவின் ஈரி நகரில் சகோதரி மேரி பேர்னாட் இப்பணியை ஏற்றார். மினசோற்றாவில் பணியாற்றிய அலிஸ் மகோ என்னும் தாதி, பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு மயக்கமருந்து கொடுத்தும் அம்மருந்தினால் ஒருவரேனும் இறக்கவில்லை என்று 1906இல் எழுதினார். 1909இல் ஒரிகன் மாநிலத்தின் போட்லாந்து நகரில் இதற்கென முதற் பள்ளி தோன்றியது.

திறமை இருந்தது, குரல் இருக்கவில்லை. இது வைத்தியரின் தொழில், தாதியர் செய்வது சட்டவிரோதம் என்று வழக்குகள் எழுந்தன. டக்மார் நெல்சன் என்னும் தாதிக்கு எதிரான வழக்கில், வைத்தியரின் பணிப்பின்கீழ் மயக்கமருந்து கொடுப்பது தாதியரின் தொழிலே எனக் கலிபோர்னியா உயர்நீதிமன்றம் 1936இல் தீர்ப்பளித்தது. அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, 1931இல், அகதா ஹொட்ஜின்ஸ் அம்மையார் கிளீவ்லாந்து நகரில் தாதியரை ஒன்றுகூட்டிச் சங்கம் அமைத்திருந்தார். அச்சங்கமே 1945இல் தகுதிப் பரீட்சையையும், 1952இல் பள்ளிகளை ஆராய்ந்து அங்கீகரிக்கும் முறையையும் ஏற்படுத்தியது.

இனி, இன்றைய மாணவதாதியைப் பார்ப்போம். அவர் முன்னரே தாதியாகப் பட்டமும் அனுமதியும் பெற்றவர். தீவிரசிகிச்சைப் பிரிவில் ஓராண்டேனும் பணிபுரிந்தவர். 2022 முதல் இத்துறையில் புதிதாகச் சேருவோர் அனைவரும் கலாநிதிப் பட்டத்துக்கே பயில்கின்றனர். மூன்றாண்டுப் படிப்பு, அறுநூறுக்குக் குறையாத நோயாளிகள், ஈராயிரம் மணித்தியாலப் பயிற்சி. சம்பளம் தந்த வேலையை விட்டு, கடன் வாங்கிப் படிப்போர் பலர்.

நேற்றுவரை பிறர் வந்து ஆலோசனை கேட்ட அனுபவசாலி, இன்று எல்லோருக்கும் இளைய மாணவி. விடியுமுன் கூடத்துக்கு வந்து, இயந்திரத்தைச் சோதித்து, மருந்துகளை அளந்து பெயரொட்டி வைக்கிறார். நோயாளி உறங்கியதும் சுவாசக்குழாயைச் செலுத்த வேண்டும். இரத்தத்தின் ஒட்சிசன் குறையும்போது கருவியின் ஒலியும் தாழ்ந்துகொண்டே போகிறது. அருகில் நிற்கும் பயிற்றுநரே மாலையில் புள்ளியிடுபவரும் ஆவார். 'எனக்கு இது தெரியவில்லை, உதவுங்கள்' என்று சொல்ல அக்கணத்தில் துணிவு வேண்டும். ஏளனத்துக்கு அஞ்சி அவர் வாய் மூடினால், இழப்பு அவருக்கு மாத்திரமா? தம் மூச்சை நம்பி ஒப்படைத்து உறங்குகின்றவருக்கன்றோ!

ஆகவே, மாணவருக்காகப் பேசுவது மாணவருக்கு மாத்திரம் செய்யும் உபகாரமன்று. நோயாளிக்கும் செய்யும் உபகாரமாகும். தனியொருத்தி முறையிட்டால் அது முணுமுணுப்பு எனத் தள்ளப்படலாம், அவளே பழிவாங்கவும்படலாம். பலருடைய முறையீட்டை ஒருவர் சபையில் எடுத்துரைத்தால் அது விதியாக மாற இடமுண்டு. இதனை உணர்ந்தே, அச்சங்கத்தின் கல்விக் குழுவில் மாணவர் தெரிவுசெய்யும் பிரதிநிதிக்கு இடமளித்துள்ளனர். பள்ளிகளை அங்கீகரிக்கும் மன்றத்திலும் மாணவருக்கு ஆசனம் உண்டு. வகுப்பும் பயிற்சியும் சேர்ந்து, சராசரியாக வாரத்துக்கு 64 மணித்தியாலத்தைத் தாண்டலாகாது என்பது அம்மன்றத்தின் விதி. களைத்த கண் மூச்சைக் காக்காது என்பதை யாவரும் அறிவர்.

பேசுவதோடு தாங்குதலும் வேண்டும். நோவை அகற்றும் மருந்துகள் நாள்தோறும் கையில் புழங்கும் தொழில் இது. சோர்வும் தனிமையும் மிகும்போது அம்மருந்தே கண்ணியாகும். சங்கத்தின் தலைவியாக விளங்கிய ஜான் ஸ்ருவேட் அம்மையாரையே அக்கண்ணி 2002இல் பலிகொண்டது. தலைமைப் பதவியும் நீண்ட அனுபவமும் அவருக்குக் காவலாகவில்லை. அத்துயரத்தை மறைத்துவிடாமல், அவர் நினைவாக நலவாழ்வுச் சொற்பொழிவு நிகழ்த்துகின்றனர். துன்புறும் சகதொழிலாளர் வெட்கமின்றி உதவி நாட வழியும் செய்துள்ளனர். மாணவரின் பாடத்திட்டத்திலும் இப்பொருள் இடம்பெறுகிறது.

இவை யாவும் தூரதேசத்துச் செய்திகள்தாமே என்று நேயர்கள் எண்ணலாம். முறைகள் வேறாயினும், கற்போரின் அச்சம் எங்கும் ஒன்றே. நம் வைத்தியசாலைகளிலும் மாணவதாதியர் இரவு பகலாக நின்று தொழில் பழகுகின்றனர். அவர்களுள் ஒருவர் 'எனக்குத் தெரியவில்லை' என்று சொல்லும்போது, ஏளனம் செய்யாது கற்பிப்போர் அருகில் இருக்கின்றனரா? சபையில் அவர்களுக்காகப் பேச ஒருவர் இருக்கின்றாரா? பிறர் உறங்க விழித்திருப்போர் மீது நாமும் ஒரு கண் வைத்திருப்பது கடமையாகும்.