கட்டளையும் பதம் பிரித்தலும்

'செம்பொன்பதின்றொடி' என்னும் தொடரை இலக்கணம் கற்றோர் அறிவர். 'செம்பொன் பதின்தொடி' எனப் பிரித்தால் பத்துத் தொடி எடையுள்ள பொன். 'செம்பு ஒன்பதின்தொடி' எனப் பிரித்தால் ஒன்பது தொடி எடையுள்ள செம்பு. கணினிக்கு எழுத்தாற் கட்டளையிடுவோர்க்கும் இத்தகைய இடர்ப்பாடு உண்டு.

லினக்ஸ் கணினியில் நாம் எழுதும் கட்டளை வரியை முதலில் ஏற்பது ஷெல் என்னும் நிரலாகும். அஃது இடைவெளி கண்ட இடமெல்லாம் வரியைத் துண்டித்து, அத்துண்டுகளை உரிய நிரலிடம் வரிசையாக ஒப்படைக்கும்.

திருகோணமலையை அடுத்த எங்கள் சாம்பல்தீவின் பெயரையே எடுத்துக்கொள்வோம். அதனைச் சேர்த்தும் எழுதுவர், பிரித்தும் எழுதுவர். 'சாம்பல் தீவு' எனப் பிரித்துப் பெயரிட்ட பழைய புள்ளிப் பட்டியலை அழிக்குமாறு பணித்தால், கணினி 'சாம்பல்' என ஒரு கோப்பையும், 'தீவு' என வேறொரு கோப்பையும் தேடும். அப்பெயருடையவை அங்கிருப்பின், மாணவர்தம் புதிய புள்ளிகள் அழிந்துபோதலுங் கூடும். பெயரை மேற்கோட்குறிகளுக்குள் அடைத்தால் அஃது ஒரு சொல்லாகவே செல்லும்.

மேலும், சிறுகோட்டில் தொடங்கும் சொல்லை நிரல்கள் பெயராகக் கொள்ளாமல், செயலின் வகையைச் சுட்டும் குறியாகவே கொள்ளும். கோப்பின் பெயரே அவ்வாறு தொடங்கின், அதற்கு முன் இரு சிறுகோடுகளைத் தனித்து இடுதல் மரபு. இனி வருவன பெயர்களே என்பது அதன் பொருள்.

பைதான் மொழியில் 2010ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற 'ஆர்க்பார்ஸ்' என்னும் நிரற்றொகுதி, குறியையும் பெயரையும் வகைப்படுத்திப் பொருந்தாத கட்டளையை மறுத்துவிடும். ஆயினும் ஷெல் தவறாகத் துண்டித்ததை அதனால் ஒட்டவைக்க இயலாது.

உரையாசிரியர் இடம் நோக்கிப் பொருள் கொள்வர். கணினி இடைவெளியையே நோக்கும். ஆதலின், தெளிவுறப் பிரித்தெழுதும் பொறுப்பு எழுதுவோரையே சாரும்.