மூன்று பவுண் பொம்மைக் காரும் ஒரு செயலியும்



வழமையாக வரி, வீட்டுக் கடன், ஓய்வூதியம் என்று பேசுகிற நான் இன்றைக்கு விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேசப் போகிறேன். எமது நிலையத்துக்கு உதவிக்கு வரும் இளையவர்கள் சிலர், பிள்ளைகள் பாவித்து முடித்த விளையாட்டுச் சாமான்களை விற்கவும் வாங்கவும் ஒரு கைத்தொலைபேசிச் செயலியை வடிவமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் வரவு செலவைப் பார்த்துச் சொல்லுங்கள் அங்கிள் என்று என்னிடம் கொண்டு வந்தார்கள்.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். விற்பவரிடம் நூற்றுக்குப் பத்து தரகு எடுப்பதாகத் திட்டம். மூன்று பவுணுக்கு ஒரு பொம்மைக் கார் விலைப்பட்டால் தரகு 30 பென்ஸ். வாங்குபவர் வங்கி அட்டையால் காசு கட்டுகிறார். அந்தக் காசைக் கைமாற்றிக் கொடுக்கும் நிறுவனம் ஒவ்வொரு தடவையும் 20 பென்சும், அதற்கு மேல் நூற்றுக்கு ஒன்றரையும் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுவே 24½ பென்ஸ். மிச்சம் 5½ பென்ஸ்! அந்தக் காரைத் தபாலில் அனுப்பினாலோ முத்திரைச் செலவு காரின் விலையைத் தாண்டிவிடும்.

பெரிய நிறுவனங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று கேட்பீர்கள். 2008இல் லித்துவேனியாவில் உடுப்பு விற்பதற்காகத் தொடங்கப்பட்ட விண்டட், விற்பவரிடம் தரகு எடுப்பதில்லை. வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றை அறவிடுகிறது. ஈபேயும் பிரித்தானியாவில் வீட்டுச் சாமான் விற்கும் தனியாட்களிடம் கட்டணம் எடுப்பதை 2024இல் நிறுத்தியது. கோடிக்கணக்கான சாமான்கள் கைமாறும் இடத்தில்தான் அது கட்டும். ஆகவே தரகையும் அட்டையையும் மறந்துவிடுங்கள், சாமானும் காசும் கைக்குக் கை மாறட்டும் என்று சொன்னேன். அதற்கு இடமும் எம்மிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை வாசலில் காருக்குள் காத்திருக்கிற பெற்றோர் எத்தனை பேர்! நிர்வாகத்தினர் அனுமதித்தால் ஒரு மேசை போதும்.

ஆனால் நேயர்களே, இங்கேதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. தெரிந்த சனம் என்பது நம்பிக்கைக்கு நல்லது. அதே தெரிந்த சனம்தான் கதைக்கவும் செய்யும். புதிதாக வந்து ஓர் அறையில் இருக்கிற குடும்பம், வேலைநேரம் குறைந்துபோன தகப்பன், தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய், இவர்களுக்குத்தான் இந்தச் செயலி கூடுதலாகத் தேவை. “அவையள் பிள்ளைக்குப் பழைய சாமான் வாங்கினம்” என்று ஒரு சொல் காதில் விழுந்தால் அவர்கள் இந்தப் பக்கமே வரமாட்டார்கள். ஊரிலே நுங்குக் கோம்பையைச் சில்லாகப் பூட்டி வண்டில் உருட்டிய நாங்கள், இங்கே பெட்டி உடையாத சாமான்தான் பிள்ளைக்குக் கௌரவம் என்று எப்போது நினைக்கத் தொடங்கினோமோ தெரியவில்லை.

இளையவர்களின் முதல் வரைவில், யார் எதை வாங்கினார் என்பது எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பட்டியல் இருந்தது. வாங்கியவர் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரமும் இருந்தது. அதை எடுக்கச் சொன்னேன். விற்பவரும் வாங்குபவரும் சம்மதிக்கும்வரை பெயர் தெரியக்கூடாது. தபால் குறியீட்டின் முதற்பாதி மட்டும் போதும். ஹரோவா ஈஸ்ட்ஹாமா என்று தெரிந்தால் காணாதா? இனாமாகக் கொடுக்கும் சாமானுக்கென்று தனிப் பக்கமும் வேண்டாம். விலையுள்ளதும் இல்லாததும் ஒன்றாகக் கிடக்கட்டும். மேசையில் கொடுக்கும்போதும் பையில் போட்டு, பெயருக்குப் பதிலாக இலக்கத்தைச் சொல்லிக் கொடுக்கலாம்.

படங்களிலும் கவனம் வேண்டும். சைக்கிளை விற்பதற்குப் பிள்ளையைப் பாடசாலைச் சீருடையோடு அதன்மேல் இருத்திப் படம் எடுத்துப் போடுகிற ஆட்கள் நாங்கள். பிள்ளையின் முகமும் பாடசாலையின் பெயரும் அதிலே வந்துவிடும். அப்படியான படத்தைச் செயலி ஏற்கக்கூடாது.

அடுத்தது பாதுகாப்பு. விற்பவர் நிரப்பும் படிவத்தில் விலை முதலில் இருந்தது. அதற்கு மேலே “குறை என்ன?” என்ற கேள்வி வரவேண்டும். சில்லுக் கழன்றதா, துண்டு குறைகிறதா, பற்றரிப் பெட்டியின் மூடி இறுகுகிறதா? பொத்தான் போன்ற சிறிய வட்டப் பற்றரியைப் பிள்ளை விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாய் எரிந்து புண்ணாகலாம். அதனால் அதன் மூடி ஆணியால் முறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆணி தொலைந்த சாமானை விற்கவும் வேண்டாம், இனாமாகக் கொடுக்கவும் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழ் ஆகாது என்ற குறியும், சீஈ அல்லது யூகேசீஏ முத்திரையும் படத்தில் தெரியவேண்டும்.

பழைய பிளாஸ்ரிக் பற்றியும் ஒரு சொல். பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. பாவித்த பிளாஸ்ரிக் விளையாட்டுச் சாமான்கள் ஏறத்தாழ 200ஐச் சோதித்தார்கள். ஈயம், கட்மியம் போன்றவை பலவற்றில் இருந்தன. குறிப்பாக மஞ்சள், சிவப்பு, கறுப்பு நிறச் சாமான்களில். ஆகவே லொஃப்ற்றில் இருபது முப்பது வருடம் கிடந்ததை வாயில் வைக்கிற வயதுப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

லெகோவைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். 1958இல் காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்ட வடிவத்துக் கட்டைகள் இன்றைய கட்டைகளோடும் பொருந்தும். பெட்டியும் படமும் இல்லாவிட்டாலும் அதற்கு விலை உண்டு. கலந்து கிடப்பதை நிறுத்து, நிறையைப் போட்டு விற்கலாம்.

வரி பற்றிச் சொல்லாமல் போனால் நான் கணக்காளன் இல்லை. பழுப்பு நிறக் கடித உறையைக் கண்டாலே எமது வீடுகளில் நெஞ்சு பதறும். 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து இணைய விற்பனைத் தளங்கள், ஆண்டுக்கு 30 விற்பனையை எட்டுகிற அல்லது 2,000 யூரோவை, அதாவது ஏறத்தாழ 1,700 பவுணை, தாண்டுகிற விற்பனையாளரின் விபரத்தை வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கவேண்டும். விபரம் போவது வேறு, வரி வருவது வேறு. உங்கள் பிள்ளைக்கு 40 பவுணுக்கு வாங்கியதை 8 பவுணுக்கு விற்றால் அங்கே இலாபம் எது? வரியும் இல்லை. மலிவாக வாங்கிக் கூடுதல் விலைக்கு விற்பதையே வேலையாகச் செய்தால் அது வியாபாரம். அதற்கும் 2017 ஏப்ரலிலிருந்து வரி ஆண்டுக்கு 1,000 பவுண் வரவு வரை விலக்கு இருக்கிறது. ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதி வையுங்கள்.

கடைசியாக, படிவத்தின் அடியில் நான் சேர்க்கச் சொன்ன கேள்வி ஒன்று: “பிள்ளையைக் கேட்டீர்களா?” இளையவர்கள் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஆறு வயதில் தன்னுடைய முயல் பொம்மையைத் தாய் யாருக்கோ கொடுத்ததை இன்னமும் மறக்கவில்லை என்றாள். அந்தக் கேள்விக்கு ஆம் என்று அழுத்தினால்தான் சாமான் விற்பனைக்குப் போகும் என்று அவளே எழுதிவிட்டாள்.

செயலியைப் பரீட்சித்துப் பார்க்க இருபது குடும்பங்கள் தேவைப்படுகின்றன. தமிழில் மட்டும் வாசிக்கத் தெரிந்த அம்மம்மா, அப்பம்மா இருக்கிற வீடாக இருந்தால் இன்னும் நல்லது. அவர்களுக்கு விளங்காத பொத்தானை எடுத்துவிடுவதாகப் பிள்ளைகள் சொல்லியிருக்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் நிலையத்துடன் தொடர்புகொள்ளுங்கள்.